தடுப்புக்கு வைத்த கார்டு

யார்க்டன், சஸ்காட்சுவான்
மார்ச் கடைசி, வாசலில் இன்னும் முழங்கால் பனி

அன்பு மகன் டார்சிக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் உன் அம்மாவும் நலமாக இருக்கிறோம், என் கடைவாய்ப் பல் ஒன்று மட்டும் நலமாக இல்லை, அதன் கதை பின்னால் வரும். நீயும் அந்த டார்வின் ஊர் வெயிலில் வதங்காமல் இருக்க வேண்டும் என்று உன் அம்மா ஞாயிறுதோறும் கோவிலில் மெழுகுவத்தி ஏற்றுகிறாள், வெயிலில் இருக்கிறவனுக்கு எதற்கு இன்னொரு நெருப்பு என்று கேட்டு நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன். பனியே விழாத ஊராகப் பூகோளப் படத்தில் தேடிப் பிடித்துப் போனாய், போன இடத்தில் ஊராரின் ஃப்ரிட்ஜைப் பிரித்து ஐஸ் சுரண்டுகிற வேலை கிடைத்தது, ஐஸ் உன்னை விடுவதாக இல்லை. தலையில் தொப்பி போடாமல் கூரை ஏறி ஏசி ரிப்பேர் பண்ணாதே, நம் குடும்பத்தில் முன்மண்டை முடி சீக்கிரம் போகும், என்னைப் பார்த்தால் தெரியும்.

இந்த வீட்டில் ஐஸ் ஹாக்கி என்கிற பேச்சே எடுக்கக் கூடாது என்று நீ சொல்லிவிட்டுப் போனதை நாங்கள் இத்தனை வருடம் காப்பாற்றினோம், சனிக்கிழமை ஆட்டத்தைக்கூட டிவியில் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்க்கிறேன். இன்றைக்கு அந்த விரதத்தை முறிக்கப் போகிறேன், கோபித்துக்கொள்ளாமல் கடைசிவரை படி. கிறிஸ்துமஸுக்குப் போன் பண்ணியபோது, ஜூலையில் அம்மாவின் எழுபத்தைந்தாவது பிறந்தநாளுக்கு வருவது சந்தேகம் என்றாய். "ஊருக்கு வந்தா எல்லாரும் அதையேதாம்மா கேப்பாங்க, என்னால முடியல" என்று சொன்னாயாம். சரிப்பா உன் இஷ்டம் என்று போனை வைத்தவள், துடைத்த மேசையையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் அதற்கு முன்னாலேயே அவள் ஒரு காரியத்தைத் தொடங்கிவிட்டிருந்தாள், அதுதான் இப்போது ஊர் சிரித்து முடிந்திருக்கிறது.

நவம்பரில் கர்லிங் கிளப் மாடி ஹாலில் ஆட்டக்காரர் படம் போட்ட ஹாக்கி கார்டுகளை வாங்கி விற்கிற சந்தை நடந்தது. நம் கோவில் பெண்கள் வழக்கம்போல ஓரமாக உருளைக்கிழங்கு வைத்த பெரோகிக் கொழுக்கட்டைக் கடை போட்டார்கள், உன் அம்மாவுக்கு வெங்காயம் வதக்குகிற வேலை. அந்தச் சந்தையை நீ பார்த்ததில்லை. பேரன் பேத்தி எடுத்த ஆம்பிளைகள் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, மூச்சை அடக்கி, ஒரு அட்டையை விளக்கில் சாய்த்துச் சாய்த்து அதன் மூலை மழுங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். பெற்ற பிள்ளையை முதன்முதலில் தூக்கியபோது இவர்களில் ஒருவனாவது இப்படிக் கை கழுவியிருப்பானா என்பது சந்தேகம். டயர் கடை ராய்ஸைத் தெரியுமே, அவர்தான் அங்கே பெரிய வியாபாரி. அவருக்கு ஒரு தட்டுப் பெரோகி கொண்டுபோய்க் கொடுத்த உன் அம்மா, அவர் ஏதோ ஒரு விலை உயர்ந்த கார்டைத் தபாலில் அனுப்பக் கட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாளாம். கார்டை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டார், வழியில் மடங்கிவிடாமல் இருக்க முன்னால் ஒரு உதவாத கார்டு, பின்னால் ஒரு உதவாத கார்டு, இரண்டையும் சேர்த்து டேப் ஒட்டினார். முன்னால் வைத்த உதவாத கார்டு நீ.

பத்தொன்பது வயதில் பெரிய லீகுக்கு நீ போன வருடம், ஒரு சில ஆட்டத்தோடு உன்னைத் திருப்பி அனுப்புவதற்குள் கார்டுக் கம்பெனிக்காரன் அவசரப்பட்டு அச்சடித்துத் தள்ளினானே, அரைக்கண் மூடித் தும்மப்போகிறவன் மாதிரி நிற்பாயே, அதே கார்டு. உன் அம்மா பெரோகித் தட்டைக் கையில் பிடித்தபடியே இது யார் என்று கேட்டிருக்கிறாள். ராய்ஸ் கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்துவிட்டு, "தெரியலையே வெர்னாக்கா, எவனோ ஒருத்தன், பத்து சென்ட் பெட்டியில கெடக்குறவன்தான், தடுப்புக்கு நல்லா இருக்கும்" என்றாராம். நம் தெருவில் டயர் மாற்றிக் கொடுக்கிற மனுஷன். அவள் பெரோகித் தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். பிறகு மறுபடி போய், பெட்டிக்கு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து, உன்னை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துக் காசு கொடுத்து வாங்கி ஏப்ரனில் கட்டிக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்ததும் "டார்சி இந்த ஊருக்கு வர்றப்போ எந்தப் பத்து சென்ட் பெட்டியிலயும் அவன் மூஞ்சி இருக்கக் கூடாது நெஸ்டர், ஒண்ணுகூட" என்றாள். நான் பெட்டிக்கு ஒரு மூடி போட்டால் போதாதா என்றேன். அன்றைக்கு இரவு எனக்கு ஆறிப்போன பெரோகி.

அதற்கப்புறம் உன் அம்மா அம்மாவாக இல்லை, வியாபாரியாகிவிட்டாள். மெல்வில், கனோரா, ரெஜைனா என்று சந்தை நடக்கிற ஊருக்கெல்லாம் நான் வண்டி ஓட்ட வேண்டும், விடியும் முன்னால் எழுந்து இன்ஜினைச் சூடாக்கி, அவள் பேரம் பேசும்போது பக்கத்தில் ஏழை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். அது எனக்கு நன்றாக வருகிறது என்று பாராட்டினாள். இந்தக் கார்டுகளுக்கு மார்க் போட்டுக் கண்ணாடி மாதிரிப் பெட்டியில் அடைத்துத் தருவதற்கென்றே ஒரு கம்பெனி இருக்கிறது, பத்துக்குப் பத்து வாங்கினால் கார்டுக்கு மவுசு. இருப்பதிலேயே நல்ல டார்சியாகப் பார்த்து அனுப்பினாள், ஆறு மார்க்கோடு திரும்பி வந்தாய், படம் நடுவில் இல்லையாம். நீ நாலாம் வகுப்பில் கணக்கில் கோட்டை விட்டபோது வாத்தியாரம்மாவிடம் சண்டைக்குப் போனாளே, அதே கோபம். "உங்கள் படக்காரன் கோணலாக எடுத்ததற்கு என் பிள்ளை என்ன செய்வான்" என்று இரண்டு பக்கம் எழுதி அனுப்பினாள். அவர்கள் மறு மதிப்பீட்டுக்குத் தனிக் கட்டணம் என்று ஒரு வரி பதில் போட்டார்கள்.

ஜனவரியில் ஒரு பண்ணை ஏலம். அங்கே உன் வருஷத்துக் கார்டு பாக்கெட்டுகள், பிரிக்காத பெட்டியாகவே, செத்துப்போன கிழவரின் நிலவறையிலிருந்து வந்திருந்தன. பிரிக்காத பெட்டியைப் பிரிக்கவே கூடாது என்பது இந்த ஆட்களின் வேதம், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாதவரைக்கும்தான் அதற்கு விலை. பல் டாக்டர் லைல் இப்போது இந்தக் கார்டு பைத்தியத்தில் தலைகீழாக விழுந்திருக்கிறார், எல்லாம் முதலீடு என்று சொல்லிக்கொள்வார், அவர் ஒரு பக்கம் ஏலம் கேட்க, உன் அம்மா இன்னொரு பக்கம் கையைத் தூக்கியவள் இறக்கவே இல்லை. ஜெயித்தாள். ஜெயித்த கையோடு நம் லாரியின் பின்கதவை இறக்கி, அந்தக் குளிரிலேயே கையுறையைப் பல்லால் கழற்றிவிட்டு ஒவ்வொரு பாக்கெட்டாகக் கிழிக்க ஆரம்பித்தாள். கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் தொப்பியையே கழற்றிவிட்டார், சவ ஊர்வலத்துக்குக் கழற்றுவது போல. உன் மூஞ்சி வந்தால் ஒரு பக்கம் வைத்தாள், மற்றவரெல்லாம் பனியில். பாக்கெட்டோடு வந்த பழைய பபிள்கம் வீணாகிறதே என்று நான் ஒன்றை வாயில் போட்டேன், முப்பது வருஷத்துக் கம், கருங்கல். அப்போது போனதுதான் அந்தக் கடைவாய்ப் பல்.

நான் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்த நேரம் லைல் அலறினார், எனக்காக என்று நினைத்தேன், இல்லை. "வெர்னா, அசையாதீங்க! காலத் தூக்காதீங்க!" என்று கத்திக்கொண்டு உன் அம்மாவின் பூட்ஸ் பக்கத்தில் மண்டியிட்டு ஒரு கார்டை இரண்டு விரலால் எடுத்தார். ரெமி டுபெர்வால். உன்னோடு அதே வருஷம் பெரிய லீகுக்கு வந்தவன், உன்னைத் திருப்பி அனுப்பி அவனை வைத்துக்கொண்டார்கள், அப்புறம் அவன் எங்கே போனான் என்று உலகத்துக்கே தெரியும். அவன் தன் கையாலேயே பேனாவில் கையெழுத்துப் போட்டு, கம்பெனிக்காரன் அந்த வருஷப் பெட்டிகளில் எங்கோ ஒன்றிரண்டில் மட்டும் ஒளித்துவைத்த கார்டாம் அது. லைல் பனியில் ஓட்டுகிற தன் ஸ்னோமொபைலை அங்கேயே தருகிறேன் என்றார், வேண்டாம் என்றாள். எனக்கும் அவளுக்கும் ஆயுள் முழுக்க இலவசமாகப் பல் பார்க்கிறேன் என்றார், நான் ரத்தத் துப்பலோடு தலையை ஆட்டினேன், அவள் என்னைப் பார்க்கவே இல்லை. "தேடி வந்தவன விட்டுட்டு இவன வச்சு நான் என்ன பண்ண" என்று சொல்லி, டுபெர்வாலை லைல் கையிலிருந்து வாங்கிக் கோட்டுப் பைக்குள் திணித்தாள். வீட்டுக்கு வந்து, ரப்பர் பேண்டும் தீர்ந்துபோன பேட்டரியும் கிடக்கிற சமையலறை டிராயரில் போட்டாள். அவ்வளவுதான் அவனுக்கு மரியாதை.

இங்கேதான் வினை முளைத்தது. டுபெர்வாலையே ஒருத்தி தூக்கிப் போட்டுவிட்டு டார்சி கோவாலிக்கைப் பொறுக்குகிறாள் என்றால் டார்சியிடம் ஏதோ விஷயம் இருக்கிறது என்று லைலுக்குத் தோன்றிவிட்டது. படித்தவர் இல்லையா, யோசிப்பார். மறுநாள் பல்லைப் பிடுங்கப் போனேன், வாய் நிறையப் பஞ்சை அடைத்துவிட்டு, "நெஸ்டர் அண்ணே, நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும், வெர்னாவுக்கு உள்தகவல் ஏதோ கெடச்சிருக்கு, அப்படித்தானே?" என்று கேட்டார். நான் "ஆ" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும், கையில் குறடு வைத்திருந்தார். அந்த வாரமே லைல் ரெஜைனாவரைக்கும் போய் உன்னை அடுக்கடுக்காக வாங்கினார். லைல் வாங்குகிறார் என்று தெரிந்ததும் ராய்ஸ் உன்னைப் பத்து சென்ட் பெட்டியிலிருந்து எடுத்துக் கண்ணாடிக்குள் வைத்துப் பூட்டினார். கண்ணாடிக்குள் வைத்ததைப் பார்த்ததும் மற்றவர்களும் வாங்கினார்கள். ஏன் வாங்குகிறோம் என்று ஒருவருக்கும் தெரியாது, பக்கத்து மேசைக்காரனுக்குத் தெரியும் என்று ஒவ்வொருவரும் நம்பினார்கள். உன் அம்மாவுக்குத்தான் வயிற்றெரிச்சல், பெற்ற பிள்ளையைக் கட்டுப்படியாகிற விலைக்கு வாங்க முடியவில்லை.

காரணம் தெரியாத விலைக்குக் காரணம் கட்டாமல் மனிதர்களால் இருக்க முடியாது போல. டார்சி ஒரு பெரிய டீமுக்குப் பயிற்சியாளராகப் போகிறான் என்றார் ஒருவர். ஜப்பான்காரக் கோடீஸ்வரன் ஒருவன் டார்சியாகவே சேர்க்கிறான் என்றார் இன்னொருவர். பிப்ரவரியில் கனோரா சந்தையில் ஒருத்தன், "ஆள் போயிட்டான்ல, அதான் ஏறுது" என்று சொல்லியிருக்கிறான், செத்தவன் கார்டுக்கு விலை ஏறுவது இவர்கள் வழக்கம். அந்தப் பேச்சு எங்களுக்கு முன்னால் ஊர் வந்து சேர்ந்தது. திங்கட்கிழமை கதவைத் திறந்தால் எதிர்வீட்டு பேட்சி, சீஸ் போட்டுச் சுட்ட உருளைக்கிழங்கு ஒரு பெரிய கண்ணாடிப் பாத்திரம் நிறைய வைத்துக்கொண்டு கண்கலங்கி நிற்கிறாள். அந்தப் பாத்திரம் யாராவது போய்ச்சேர்ந்தால்தான் அவள் வீட்டு அலமாரியை விட்டு வெளியே வரும். "என்ன சொல்றதுன்னே தெரியல வெர்னா, நல்ல பிள்ள, எங்க வீட்டு வாசல் பனியையும் சேத்து வாருவான்" என்றாள். உன் அம்மா அவள் கையிலிருந்து பாத்திரத்தை வாங்கி என்னிடம் கொடுத்துவிட்டு, மணி பார்க்காமல் உனக்குப் போன் பண்ணினாள். உன் ஊரில் அப்போது நடுச்சாமம், நீ தூக்கத்தில் "என்னம்மா?" என்றாய், ஒன்றுமில்லை தொப்பி போட்டுக்கொண்டாயா என்று கேட்டுவிட்டு வைத்தாளே, அதுதான் விஷயம். ராத்திரியில் எதற்குத் தொப்பி என்று நீ குழம்பியிருப்பாய். போனை வைத்துவிட்டு அழுதாள். உருளைக்கிழங்கு நன்றாக இருந்தது, நான் மூன்று நாள் பல் போகாத பக்கமாகவே வைத்து மென்று சாப்பிட்டேன்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் மறுபடி கர்லிங் கிளப்பில் சந்தை. அன்றைக்கு அவள் பெரோகி சட்டியைத் தொடவில்லை, நேராக ராய்ஸின் மேசைக்குப் போய், கண்ணாடிக்குள் பூட்டி வைத்திருக்கிற என் மகனை வெளியே எடுங்கள் என்றாள். ராய்ஸ் பேந்தப் பேந்த விழித்தார். லைல் வந்துவிட்டார், பின்னாலேயே ஹாலில் பாதிப் பேர், "வெர்னா, இப்பவாவது சொல்லுங்க, என்ன தகவல் உங்களுக்கு, எங்கேருந்து வந்துச்சு?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். உன் அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "தகவலா? அவனப் பெத்தது நான். அதான் தகவல்" என்றாள். அப்படியென்றால் அவன் பயிற்சியாளராகப் போகவில்லையா என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள். "டார்வின்ல ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பண்றான், அவன் தொட்ட ஃப்ரிட்ஜ் மறுபடி நின்னதில்ல. சாகவும் இல்ல, எவனாவது அப்படிச் சொன்னான்னா இங்க வரச் சொல்லுங்க" என்றாள். உள்ளூர்ப் பையன்தானே, எங்கள் கோவாலிக்கா இது என்று அப்போதுதான் பாதிப் பேருக்கு உறைத்தது, அதுவரை கார்டின் மூலையையும் விலையையும்தான் பார்த்தார்களே தவிர, எந்த ஊர்ப் பிள்ளை என்று அவர்களில் யாரும் யோசிக்கவில்லை. பெரோகி ஆறுவதற்குள் உன் விலை பழையபடி பத்து சென்ட். லைல் வெளியே போய்க் காரில் உட்கார்ந்துகொண்டார்.

ராய்ஸ் பாவம், தொப்பியைத் திருகிக்கொண்டே வந்து, "தெரியாமப் பண்ணிட்டேன் வெர்னாக்கா, இனிமே டார்சியத் தடுப்புக்கு வைக்க மாட்டேன்" என்றார். விஷயம் அதோடு முடிந்தது என்று நான் கோட்டை மாட்டப் போனேன். உன் அம்மா அந்தப் பத்து சென்ட் பெட்டியைத் தன் பக்கம் இழுத்தாள். "அப்ப வேற யார வைப்பீங்க? அவனும் எவளோ ஒருத்தி பெத்தவன்தானே" என்றாள். அதன் பலன் என்னவென்று கேள், இப்போது ஒன்றிரண்டு ஆட்டத்தோடு வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகள் எல்லாரும் நம் வீட்டில்தான் இருக்கிறார்கள். உன் அறையில், உன் கட்டிலில், ஷூ பெட்டி ஷூ பெட்டியாக. விலை விழுந்தது நல்லதாகப் போயிற்று, மலிவாக வாங்கலாம் என்கிறாள். நீ வந்தால்தான் கட்டிலைக் காலி பண்ணுவாள், இல்லாவிட்டால் நான் இன்னும் எத்தனை பேரைச் சுமந்து மாடி ஏறுவேன் என்று தெரியவில்லை.

இனி நான் சொல்ல வந்தது. ஊருக்கு வந்தால் எல்லாரும் அதையே கேட்பார்கள் என்றாய் அல்லவா, கேட்க மாட்டார்கள். கேட்கிறவர் வாயெல்லாம் உன் அம்மா அடைத்துவிட்டாள், இப்போது நீ கடைத்தெருவில் நடந்தால் தன் ஃப்ரிட்ஜ் கரகரவென்று சத்தம் போடுகிறது, கொஞ்சம் பார்க்கிறாயா என்றுதான் கேட்பார்கள், ராய்ஸ் இப்போதே சொல்லி வைத்திருக்கிறார். பேட்சியின் பாத்திரத்தை அவளிடம் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை, உயிரோடிருக்கிறவன் தன் கையால் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் முறை என்று உன் அம்மா கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறாள். கோவில் ஹாலை ஜூலைக்குச் சொல்லி வைத்தாயிற்று. வா என்று அவள் கேட்க மாட்டாள், உன் இஷ்டம் என்றுதான் சொல்வாள், அதனால் நான் கேட்கிறேன். அவளுக்கு உன்னைப் பார்க்க வேண்டும். எனக்கும் பார்க்க வேண்டும்.

இந்த உறையில் உன் கார்டு ஒன்று வருகிறது. ஒன்றுகூட வைத்துக்கொள்ளாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாயே, திருப்பிப் பின்பக்கத்தைப் படி. கோடை விடுமுறையில் தானியக் கிடங்கில் அப்பாவுக்கு உதவி செய்வது இவருக்குப் பிடிக்கும் என்று அச்சடித்திருக்கிறான். முழுப் பொய், நீ கிடங்குக்கு வந்தால் கோதுமை மூட்டை மேல் தூங்குவாய். அந்தப் பொய்க்காகவே நானும் ஒன்றைக் கேட்டு வாங்கிப் பர்ஸில் வைத்திருக்கிறேன்.

உன் அம்மாதான் கட்டினாள், ராய்ஸ் கட்டுவதுபோலவே. நடுவில் பிளாஸ்டிக் உறைக்குள் இருப்பது நீ. பின்னால் இருப்பது ஓட்ஸ் பெட்டியில் வெட்டிய அட்டை. முன்னால் தடுப்புக்கு வைத்திருப்பது டுபெர்வால், டிராயரில் கிடந்த அதே கையெழுத்துக் கார்டு. அவனும் ஒருத்தி பெத்தவன்தானே என்று நான் மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். "அவன் அம்மாவுக்கு என்ன கவல, ஊர் ஊருக்குக் கண்ணாடிக்குள்ள இருக்கான். ஒரே ஒரு தடவ எம்பிள்ளைக்கு முன்னால நின்னு அடி வாங்கட்டும்" என்று சொல்லி டேப்பை இழுத்து ஒட்டிவிட்டாள். உன் கார்டை எடுத்துக்கொண்டு அவனைத் தூக்கிப் போட்டுவிடச் சொல்கிறாள். நீ போடாதே. என் பல் முழுக்க அந்தக் கார்டில்தான் இருக்கிறது, இலவசமாகப் பல் பார்க்கிறேன் என்ற பேச்சிலிருந்து லைல் இன்னும் மாறவில்லை. ஜூலையில் மறக்காமல் கையோடு கொண்டு வா. வழியில் தொலைத்துவிட்டால் வெறுங்கையோடு வா.

கடவுள் உன்னோடு இருக்கட்டும், அங்கே உன்னோடு வேலை செய்கிறவர்களும் நன்றாக இருக்கட்டும். உறையைப் பிரிக்கும்போது கத்தரிக்கோலை ஓரமாகப் போடு, நடுவில் நீ இருக்கிறாய்.

இப்படிக்கு, பற்களில் ஒன்று குறைந்த
உன் அப்பா
நெஸ்டர் கோவாலிக்